நாலு நிமிஷப் புல்வெட்டி

கடிதம் புதன்கிழமை வந்தது. காஞ்சிபுரத்திலிருந்து இன்ஜினியர் ஐயா வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஆய்வுக்கு வருகிறார் என்பது முதல் பத்தி. இரண்டாவது பத்தியை நான் மூன்று முறை படித்தேன்.

"மேற்படி ஆய்வின்போது புல்வெட்டும் இயந்திரம் இயங்கும் நிலையில் இல்லாதிருப்பின், அது கழிவுப் பொருளாகக் கருதப்பட்டு ஏலத்தில் விடப்படும். அதனை இயக்குவதற்கென உள்ள பணியிடமும் அத்துடன் நீக்கப்படும்."

அந்தப் பணியிடம் நான்தான்.

உத்திரமேரூர் ஏரிக்கரையை ஒட்டி எங்கள் இலாகாவுக்கு ஒரு பயணியர் மாளிகை இருந்தது. மாளிகை என்பது பெயர்தான். இரண்டு அறை, ஒரு வராந்தா, முன்னால் கால் ஏக்கர் புல்தரை. துரைமார் காலத்தில் இங்கே தங்கியிருந்த ஒருவர் அந்தப் புல்லில் பந்து விளையாடுவாராம். சீமைக்குத் திரும்பும்போது நாயைக் கூட்டிக்கொண்டு போனவர், புல்வெட்டும் மெஷினை விட்டுவிட்டுப் போனார். மெஷின் இருந்ததால் அதற்கு ஆபரேட்டர் என்று ஒரு வேலை. வேலை இருந்ததால் நான். புள்ளலூரில் என் மாமனார், 'ஆபரேட்டர்' என்ற ஒரு சொல்லைக் கேட்டே கனகாவை எனக்குக் கொடுத்தார், கூடவே ஒரு கைக்கடிகாரமும். மாப்பிள்ளை எந்த மெஷினை ஓட்டுகிறார் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. நானாகவும் சொல்லவில்லை.

மெஷின் இப்படி இருக்கும்: முன்னால் ஓர் உருளை, அதைச் சுற்றிச் சாய்வாகக் கத்திகள். அதற்குப் பின்னால் சின்னதாக ஒரு பெட்ரோல் இன்ஜின். கயிற்றைச் சுற்றி இழுத்தால் ஓடும். பிடித்துக்கொண்டு பின்னால் நடக்க இரண்டு கைப்பிடிகள். எல்லாவற்றுக்கும் மேலே உரித்த தேங்காய் அளவில் பெட்ரோல் டேங்க், அதற்கு வட்டமாக ஒரு பித்தளை மூடி. ஆயுத பூஜை வரைக்கும் ஒரு குறையும் இல்லாமல்தான் ஓடிக்கொண்டிருந்தது. பூஜை முடிந்த மறுநாளிலிருந்து நாலு நிமிஷம் ஓடும், இருமும், நின்றுவிடும்.

எனக்கு எதையும் வரிசையாக எழுதி வைத்தால்தான் புரியும். வியாழக்கிழமை காலையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, கட்டம் போட்டேன். ஓட ஆரம்பித்த நேரம். நின்ற நேரம். பக்கத்தில் இருந்தவர். ஓடுவதற்கு முன் செய்த காரியங்கள், ஒன்று விடாமல். அதற்குப் பிறகு சேட்டுவைக் கூட்டிவர ஆள் அனுப்பினேன்.

சேட்டு பம்ப்செட் மெக்கானிக். சுற்றுவட்டாரத்தில் திருப்புலிவனம் வரைக்கும் எந்தக் கிணற்றில் இன்ஜின் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். சைக்கிளில் வந்து இறங்கி, மெஷினை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"இன்னா வேதகிரி, இதுக்குத் தண்ணி எந்தப் பக்கம் வரும்?"

"தண்ணி வராதுண்ணே. புல்லுதான் வரும்."

"தண்ணியே வராத இன்ஜினு எதுக்குடா?" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி வுடு, இன்ஜின்னா எல்லாம் ஒண்ணுதான். இதுக்குக் கார்புரேட்டர்ல அடைப்பு," என்று ஸ்பானரை எடுத்தார்.

கார்புரேட்டர் என்பது பெட்ரோலும் காற்றும் கலக்கிற இடம். அதன் அடியில் குங்குமச் சிமிழ் மாதிரி ஒரு கிண்ணம். சேட்டு அதைக் கழற்றி என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"பாரு, எப்படிக் காஞ்சி கீது. பெட்ரோலே எறங்கல. இந்த ஜெட்டு கீது பாரு, இதுல தூசி மாட்டிக்கினு கீது."

ஜெட் என்பது கடுகளவு துளை. வாயால் ஊதினார். அவர் கன்னம்தான் உப்பியது. குத்தி எடுக்கக் கம்பி தரட்டுமா என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"கம்பி வுட்டா ஓட்டை பெருசாயிடும். எருமை வால் மயிருதான் கரெக்டு. எங்கியாவது எருமை கீதா?"

இருந்தது. புல்தரையின் வேலியோரத்தில் சொக்கம்மாள் அக்கா அரிவாளோடு உட்கார்ந்து புல் அறுத்துக்கொண்டிருந்தாள், பக்கத்தில் அவளுடைய எருமை. வேலியோரப் புல் அவளுக்கு என்பது, எனக்கு முந்தின ஆபரேட்டர் காலத்திலிருந்தே உள்ள வழக்கம். மெஷினைக் கண்டால் அவளுக்கு ஆகாது. மெஷின் வெட்டிய புல்லில் பெட்ரோல் வாசம் வருகிறதென்று எருமை மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும்.

"அக்கா, எருமை வால்ல ஒரே ஒரு மயிரு வேணும்," என்றேன்.

"எதுக்கு?"

"மெஷினுக்கு."

"ஏண்டா, என் எருமை மயிருல ஓடற மெஷினுக்கு கவர்மெண்டு ஒனக்குச் சம்பளம் குடுக்குதா?" என்றாள். ஆனாலும் ஒன்றைப் பிடுங்கிக் கொடுத்தாள். எருமை அவளைத்தான் திரும்பிப் பார்த்தது, என்னை அல்ல.

சேட்டு மயிரை விட்டுத் துழாவினார், ஊதினார், எல்லாவற்றையும் திரும்ப மாட்டினார். பெட்ரோல் இருக்கிறதா என்று பித்தளை மூடியைத் திறந்து பார்த்தார். 'உஸ்' என்று ஒரு சத்தம் வந்தது. மூடினார். கயிற்றை இழுத்தார். மெஷின் கிளம்பிவிட்டது!

"பாத்தியா?" என்று காலரைத் தூக்கி விட்டுக்கொண்டார். "நாஷ்டா ரெடியா?"

மாளிகையின் வாட்ச்மேனும் சமையல்காரருமான சடையப்பண்ணன் நாலு இட்லி வைத்துக் கொடுத்தார். நான் மெஷினோடு நடந்துகொண்டே கடிகாரத்தைப் பார்த்தேன். நாலாவது நிமிஷம் மெஷின் இருமியது, நின்றது. சேட்டுவின் வாயில் இரண்டாவது இட்லி இருந்தது. அவர் அதை மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் சடையப்பண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் நெற்றியில் விபூதி எப்போதும் மூன்று பட்டையாக இருக்கும். மழையில் நனைந்தால்கூட இரண்டு பட்டையாவது இருக்கும்.

"வேதகிரி, நேத்து மூடியத் தொறந்தப்ப கேட்டியா? உஸ்ஸுன்னு பெருமூச்சு வுட்டுது. அதுக்கு மனசுல இன்னாவோ கொறை கீது."

"மெஷினுக்காண்ணே?"

"ஆமா. ஆயுத பூஜைக்கு ஆபீஸு ஜீப்புக்குப் பூசணிக்கா ஒடைச்சோம். இதுக்கு வெறும் எலுமிச்சம்பயம். அதுக்குத் தெரியாதா?"

திங்கட்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது. பூசணிக்காய் உடைத்தால் வேலை நிலைக்குமென்றால் பூசணிக்காய் என்ன, நான் பூசணித் தோட்டமே வாங்குவேன். சரி என்றேன்.

அவர் செய்தது சிறு பூஜை அல்ல. மெஷினைக் குளிப்பாட்டினார். பித்தளை மூடியை, நடுவில் இருந்த ஆயுத பூஜைப் பொட்டை மட்டும் விட்டுவிட்டு, புளி போட்டுத் தேய்த்தார், அது கோயில் கலசம் மாதிரி பளபளத்தது. சந்தனத்தைக் குழைத்து அந்த மூடியின் நடுவில் அப்பி, மேலே குங்குமம் வைத்தார். "மெஷினு பூரா தேடிட்டேன், நெத்தி மாதிரி கீற எடம் இது ஒண்ணுதான்," என்றார். பூசணிக்காய் உடைந்தது. தீபாராதனை தூரத்திலிருந்தே காட்டினார், பெட்ரோல் இருக்கிறதே என்று. எல்லாம் முடிந்து நான் நிமிர்ந்து பார்த்தால், மனுஷன் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு தீர்த்தச் சொம்பைச் சாய்க்கப் போகிறார்.

"ஐயோ, வாணாண்ணே! தண்ணி பட்டா அவ்ளோதான்!"

சொம்பை நான் பிடித்துக்கொண்டேன். மூடியைப் பிடுங்கி மூடினேன். பதற்றத்தில் கயிற்றையும் இழுத்துவிட்டேன். மெஷின் படபடவென்று ஓடியது.

சடையப்பண்ணன் சொம்போடு நின்றார். கண் கலங்கிவிட்டது. "தீர்த்தத்தக் காட்டுனதுக்கே ஓடுதுடா," என்றார்.

நாலு நிமிஷம். இருமல். நின்றது.

முந்தின நாள் அவமானத்தோடு போன சேட்டு வேலியில் சாய்ந்துகொண்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா சடையப்பா, உன் சாமிக்கும் நாலு நிமிசந்தானா?" என்றார். இரண்டு பேரும் அன்று முழுக்கப் பேசிக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை நான் தனியாகவே முயன்றேன். கயிற்றை முப்பத்திரண்டு தடவை இழுத்தேன், நோட்டில் எண்ணிக்கை இருக்கிறது. கை வலித்ததுதான் மிச்சம். மெஷின் புல்தரையின் நட்டநடுவில் நின்றது. சொக்கம்மாள் அக்கா அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள்.

"தள்ளுடா, நான் கேக்கறேன்," என்று மெஷின் முன்னால் நின்றாள். "ஏண்டி, பித்தளத் தலச்சி! திங்கறது பெட்ரோலு, பண்றது இருமலு. கால் ஏக்கராப் புல்ல அறுக்க வக்கில்ல, ஒனக்கு ஒரு பொட்டு, ஒரு பூவு! ஒனக்கு ஊர்கோலம் ஒண்ணுதான் கொறைச்சல். ஓடறியா, இல்ல சாணி தட்டி வெய்யட்டா ஒம் மேல?"

அவள் திட்டிக்கொண்டிருக்கும்போதே நான் பெட்ரோல் போதுமா என்று மூடியைத் திறந்து பார்த்து மூடினேன். உஸ். கயிற்றை இழுத்தேன். ஓடியது.

வேலியோரத்திலிருந்து சேட்டு ஓடி வந்தார். வராந்தாவிலிருந்து சடையப்பண்ணன் ஓடி வந்தார். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"ரோசக்கார மெஷினு," என்றார் சேட்டு.

"சாமியே வசவுக்குப் பயப்படும்," என்றார் சடையப்பண்ணன். இரண்டு நாளில் அவர்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலையில், பெட்ரோல் ஊற்றி மூடியதும், ஓர் ஊர்வலம் நடந்தது. முன்னால் மெஷின், பின்னால் நான், பக்கவாட்டில் மெஷினைத் திட்டிக்கொண்டே சொக்கம்மாள் அக்கா, நின்றுவிட்டால் கார்புரேட்டரைப் பார்க்க சேட்டு, அவருக்குப் பின்னால் கற்பூரத் தட்டோடு சடையப்பண்ணன். அக்கா மெஷினுடைய அம்மாவைத் திட்டினாள், அதைச் செய்த ஊரைத் திட்டினாள். கைவசம் இருந்தது தீர்ந்ததும், தன் மருமகனுக்காக வைத்திருந்ததையெல்லாம் எடுத்து மெஷினுக்குக் கொடுத்தாள். நாலு நிமிஷத்தில் மெஷின் நின்றது.

"இன்னும் ரெண்டு பாக்கி வெச்சிக்கினு கீறேன், அதுக்குள்ள நின்னுட்ச்சே!" என்றாள்.

அந்த இரண்டையும் திட்டச் சொன்னேன். திட்டினாள். கயிற்றை இழுத்தேன். ஓடவில்லை. கற்பூரம் காட்டினோம். ஓடவில்லை. சேட்டு புது எருமை மயிர் எடுக்கப் போனார். எருமை இந்த முறை உஷாராகிவிட்டது.

புல்தரை, பாதி தலை சிரைத்துவிட்டு நாவிதர் எழுந்து போனதுபோல இருந்தது. மறுநாள் பத்து மணிக்கு இன்ஜினியர். கனகா எதற்கோ காலையிலேயே, "மெஷினு ரிப்பேர்னா வேற மெஷினு குடுப்பாங்க இல்ல?" என்று கேட்டிருந்தாள்.

எல்லோரும் போன பிறகு வராந்தாவில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தேன். ஓடிய வரிகளையெல்லாம் ஒரு பக்கம் எழுதினேன், ஓடாத வரிகளையெல்லாம் மறுபக்கம் எழுதினேன். வியாழன்: எருமை மயிர், ஊதல், மூடி திறப்பு. ஓடியது. வெள்ளி: பூசணிக்காய், தீர்த்தம் காட்டல், மூடி திறப்பு. ஓடியது. சனி: கயிறு மட்டும். ஓடவில்லை. சனி: வசவு, மூடி திறப்பு. ஓடியது. ஞாயிறு: பெட்ரோல் ஊற்ற மூடி திறப்பு, வசவு. ஓடியது. ஞாயிறு: வசவு இரண்டு, கற்பூரம் ஒன்று. ஓடவில்லை.

மயிர் மாறியிருக்கிறது, பூஜை மாறியிருக்கிறது, வசவு மாறியிருக்கிறது. ஓடிய வரிகள் எல்லாவற்றிலும் ஒன்றே ஒன்று மாறவில்லை.

எழுந்து போய் மூடியைத் திறந்தேன். உஸ். இந்த முறை இறுக்கி மூடாமல், சும்மா மேலே வைத்தேன். கயிற்றை இழுத்தேன். நாலு நிமிஷம் ஓடியது. ஐந்து. எட்டு. பதினோரு நிமிஷம் ஆன பிறகு நானாகத்தான் நிறுத்தினேன், பயத்தில்.

மூடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஆயுத பூஜைச் சந்தனம், அதன்மேல் வெள்ளிக்கிழமைச் சந்தனம், நடுவில் குங்குமம். நகத்தால் சுரண்டினேன், உரித்த பட்டை மாதிரி வந்தது. அடியில், சரியாக நடுமத்தியில், ஊசி போகிற அளவுக்கு ஒரு துளை.

எண்ணெய் டின்னில் கனகா ஆணியால் எப்போதும் இரண்டு ஓட்டை போடுவாள். ஒன்று எண்ணெய் வர, எதிரில் இன்னொன்று காற்றுப் போக. ஒன்றே ஒன்று போட்டால் நாலு சொட்டு விழும், அப்புறம் டின்னைத் தலைகீழாகப் பிடித்தாலும் வராது. அவ்வளவுதான் விஷயம். சடையப்பண்ணன் பக்தியோடு டேங்கின் மூக்கை அடைத்திருந்தார். கார்புரேட்டர் ஒரு பாவமும் அறியாது.

ஞாயிறு சாயங்காலத்துக்குள் புல் முழுவதையும் வெட்டிவிட்டேன். ஐயா கண்ணெதிரே ஓட்டிக் காட்ட வேண்டும் என்று, கொடிமரத்துக்குப் பக்கத்தில் ஒரு பட்டையை மட்டும் விட்டுவைத்தேன். சடையப்பண்ணன் சந்தையிலிருந்து திரும்பி வந்து பார்த்துவிட்டு வாயைப் பிளந்தார்.

"எப்டிடா?"

அத்தனை பக்தியோடு சந்தனம் அரைத்த மனுஷனிடம், உங்கள் பொட்டுதான் என் வேலைக்கு உலை வைத்தது என்று எப்படிச் சொல்வது? "தானா சரியாயிட்ச்சிண்ணே," என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஜீப் வந்தது. இன்ஜினியர் ஐயா இறங்கினார். கட்டையான உருவம், கையில் ஃபைல், சட்டைப் பையில் இரண்டு பேனா. வேலியோரத்தில் சேட்டுவும் சொக்கம்மாள் அக்காவும் நின்றிருந்தார்கள். கூடவே எருமை.

"மெஷின் எங்கே?" என்றார்.

மேலே போட்டிருந்த சாக்கை எடுத்தேன். பித்தளை மூடியில், அடை தடிமனுக்கு, புத்தம் புதுச் சந்தனம். ஈரம் மின்னியது. நடுவில் குங்குமம். அதன்மேல் ஒரு செவ்வரளிப் பூ.

"இன்னாண்ணே இது?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"தானா சரி பண்ணிக் குடுத்துகீதே, நன்றி சொல்ல வாணாமா?" என்றார் சடையப்பண்ணன், காதோடு காதாக.

மேல்துண்டால் துடைக்கப் போனேன். "ஏய், ஏய்! பொட்டை அழிக்காதே," என்றார் ஐயா. "தொழிலுக்கு மரியாதை கொடுக்கிறீங்க, நல்ல பழக்கம். ம், ஸ்டார்ட் பண்ணு."

கயிற்றை இழுத்தேன். ஓடியது. ஐயா முகத்தில் ஒரு திருப்தி வந்தது. எனக்கு மட்டும் தெரியும், இன்னும் நாலு நிமிஷம். விட்டுவைத்த பட்டைக்கு, சாதாரணமாக நடந்தால் ஏழரை நிமிஷம் ஆகும்.

நான் ஓட ஆரம்பித்தேன்.

"ஏம்ப்பா ஓடறே? மெதுவா போ!" என்று ஐயா கத்தினார்.

"பயக்கம்ங்க ஐயா!" என்றேன், ஓடிக்கொண்டே. எவ்வளவுதான் ஓடினாலும் கனத்த உருளை அதன் வேகத்தில்தான் வந்தது. கொடிமரத்தைத் தாண்டித் திரும்புகையில் மெஷின் இருமியது. நின்றது. பட்டையில் கிட்டத்தட்ட பாதி மீதி இருந்தது.

ஐயா ஃபைலைப் பிரித்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"கார்புரேட்டர்ங்க ஐயா! ஒரே ஒரு மயிரு கெடைச்சா போதும்!" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சேட்டு குரல் கொடுத்தார். ஐயா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அதற்குள் சொக்கம்மாள் அக்கா உள்ளே வந்து, "ஏண்டி, பெரிய மனுசரு வந்து நிக்கறாரு, இப்பவா நிப்பே, மூதேவி!" என்று ஆரம்பித்துவிட்டாள். சடையப்பண்ணன் கற்பூரம் ஏற்றினார்.

"எல்லாரும் தள்ளுங்க!" என்றார் ஐயா. "நான் படிச்சதே மெக்கானிக்கல். ஆபீஸ்ல உட்கார வெச்சுட்டாங்க, அதான். முதல்ல பெட்ரோல் இருக்கான்னு பார்க்கணும். அதுகூடத் தெரியாதா உங்களுக்கு?"

மூடியைத் திறந்தார்.

உஸ்.

உள்ளே எட்டிப் பார்த்தார், மோந்தார், தலையாட்டினார். மூடியை இறுக்கி மூடினார். விரலில் ஒட்டிய சந்தனத்தை நெற்றியில் இட்டுக்கொண்டு, இன்ஜினின் இடுப்பில் இரண்டு தட்டுத் தட்டினார். "இப்போ இழு," என்றார்.

இழுத்தேன். முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது.

ஐயாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பத்து வருஷம் ஃபைல் புரட்டிய மனுஷன், படித்த படிப்பு மறக்கவில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார். "தொட்டா தெரிஞ்சிடும்! வேலை தெரிஞ்ச கை!" என்று ஜீப் டிரைவரிடம் சொன்னார். நான் ஒரு கண்ணைப் புல்லிலும் ஒரு கண்ணைக் கடிகாரத்திலும் வைத்து ஓட்டினேன். மூன்று நிமிஷம் முப்பது நொடியில் பட்டை முடிந்தது. அது இருமுவதற்கு முன்னால் நானே நிறுத்தி, ஒரு சல்யூட் வைத்தேன்.

ஃபைலில் அவர் எழுதியதை அப்படியே தருகிறேன். "இயந்திரத்தில் இருந்த கோளாறு என்னால் நேரில் கண்டறிந்து சரிசெய்யப்பட்டது. இயந்திரம் நல்ல நிலையில் உள்ளது. பணியிடம் தொடரலாம். ஆண்டுதோறும் நானே வந்து ஆய்வு செய்வேன்."

ஜீப் போன பிறகு பெரிய சண்டை. "நான் ஜெட்டு கிளீன் பண்ணதாலதான் புடிச்சிது," என்றார் சேட்டு. "நான் திட்னது காதுல வியலயா?" என்றாள் அக்கா. "அவரே சந்தனத்த நெத்தில வெச்சிக்கினாரு, பாத்தீங்க இல்ல?" என்றார் சடையப்பண்ணன். நான் மூடியைக் கழற்றித் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். யாரும் கவனிக்கவில்லை. ஆயுத பூஜைப் பொட்டை அதற்குப் பிறகு இன்ஜினின் பக்கவாட்டில்தான் வைக்க விடுவேன். மூடி சூடேறினால் குங்குமம் கருத்துப்போகுமென்று ஒரு காரணம் சொல்லிவைத்திருக்கிறேன்.

மறுவருஷம் ஆய்வுக் கடிதம் வந்தது. மெஷின் வருஷம் முழுவதும் ஒரு நாள்கூட நிற்கவில்லை. ஐயா வந்து பார்க்கும்போதும் நிற்காமல் ஓடினால், அவர் பாவம், எதற்காகக் காஞ்சிபுரத்திலிருந்து அவ்வளவு தூரம் வருகிறார்? சரிசெய்ய ஒன்றும் இல்லாத மெஷினுக்கு ஆள் எதற்கு என்று யோசித்துவிட்டால்?

ஆய்வன்று காலையில் சமையலறைக்குப் போனேன்.

"அண்ணே, கொஞ்சம் சந்தனம் அரைங்க," என்றேன்.

சடையப்பண்ணனுக்கு ஆச்சரியம். "கரைச்சலாவா, கெட்டியாவா?"

"கெட்டியா," என்றேன்.